கொதிக்கக் கூடாத பால்

அந்த ஆய்வகத்தில் அவளுக்குப் பாலம்மா என்று பெயர். வைத்தவர் இயக்குநர். வேலையில் சேர்ந்த முதல் வாரமே வைத்துவிட்டார். சொல்லிச் சொல்லி அவருக்கே அவளுடைய சொந்தப் பெயர் மறந்துபோயிற்று. ஆள் கெட்டிக்காரி, கை சுத்தம், அளந்துதான் பேசுவாள். ஆனால் கோபம் வந்தால் மட்டும் மற்றவர்களைப் போலக் கொட்டித் தீர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கமாட்டாள். பத்திரமாக எடுத்து உள்ளே வைத்துக்கொள்வாள். அது எவ்வளவு மோசமான குணம் என்று அவள் கணவனைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வான்.

கணவன் பால் பண்ணையில் டேங்கர் லாரி ஓட்டுகிறவன். தினமும் காலை ஏழு மணிக்கு ஆய்வகத்தின் பின்வாசலில் இருபது லிட்டர் கேன் ஒன்றை இறக்கிவிட்டுப் போவான். அந்தப் பச்சைப் பாலிலிருந்து அவள் பிரித்தெடுப்பது லாக்டோஃபெரின் என்கிற புரதம். பாலிலேயே இயற்கையாக இருக்கிறது. தாய்ப்பாலில் தாராளமாகவும் பசும்பாலில் கொஞ்சமாகவும் இருக்கும். இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வெளிறிய ரோஜா நிறம் அதற்கு. வைரஸ் வந்து உடம்பின் செல்லில் ஒட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும் என்று சொல்வார்கள். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலைதான்.

அவளுக்கு இது வெறும் சம்பள வேலை இல்லை. அவள் மகள் இரண்டு வயதில் நுரையீரலில் வைரஸ் தொற்றிப் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தவள். அதற்கென்று மருந்து ஏதும் இல்லை, தானாக அடங்கினால்தான் உண்டு என்று டாக்டர் கையை விரித்தார். அந்தப் பதினொரு நாளும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே கழித்தாள். குழந்தை பிழைத்து எழுந்தபிறகு, அதே வைரஸை இந்தப் புரதத்தால் தடுக்க முடியுமா என்று பார்க்கலாம் சார் என்று இயக்குநரிடம் போய்க் கேட்டவளே அவள்தான். யோசனையும் அவளுடையது, உழைப்பும் அவளுடையது. மூன்று வருடம் நாயாய் உழைத்தாள்.

வேலை இதுதான். பாலை லேசாகச் சூடாக்கி இயந்திரத்தில் ஓட்டி ஆடையை நீக்க வேண்டும். மிச்சத்தை ஆளுயரக் கண்ணாடிக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். குழாய்க்குள் நிரப்பியிருக்கும் வெள்ளை மணிகள் இந்தப் புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். பிறகு நன்றாகக் கரிக்கிற உப்புத் தண்ணீரை ஊற்றினால் பிடி விட்டு இளஞ்சிவப்பாக இறங்கி வரும். அதில் உப்பு மண்டிக் கிடக்குமே, அதனால் மெல்லிய சவ்வுப் பையில் கட்டி, குளிர் அறையில் சுத்தமான தண்ணீர் வாளிக்குள் ஒரு நாள் முழுக்கப் போட்டு வைக்க வேண்டும். மூன்று முறை தண்ணீர் மாற்றினால் உப்பு வெளியேறிவிடும், புரதம் உள்ளே தங்கும். அவ்வளவு பாடுபட்டும் ஒரு கேன் பாலில் இரண்டு கிராம் தேறினால் பெரிய விஷயம்.

தேறியதை மூடி போட்ட சின்னக் குழாயில் அடைத்து அடுத்த அறைக்குக் கொடுப்பாள். அங்கே செல் வளர்ப்பவரை எல்லோரும் ஓட்டை எண்ணி என்பார்கள். அவருடைய தட்டுகளில் செல்கள் பாய் விரித்த மாதிரி படர்ந்திருக்கும். வைரஸ் தின்ற இடமெல்லாம் ஓட்டை விழும். ஊதாச் சாயம் ஊற்றி அந்த ஓட்டைகளை எண்ணுவதுதான் அவர் பிழைப்பு. ஒன்றும் போடாத தட்டில் நூறு ஓட்டை விழுந்தால், புரதம் போட்ட தட்டில் எத்தனை குறைகிறதோ அத்தனை வெற்றி.

போன வருடம் ஒரு நாள் நூறு ஓட்டை மூன்றாகக் குறைந்தது. இயக்குநர் தலைகால் புரியாமல் ஆய்வகம் முழுக்க ஓடினார். அதே குழாயிலிருந்து இன்னும் இரண்டு தடவை போட்டுப் பார்க்கச் சொன்னார். இரண்டு தடவையும் மூன்று, நான்கு என்றே வந்தது. அது போதும், இனி எழுதவேண்டியதுதான், நான் எழுதிக்கொள்கிறேன் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். எத்தனையோ பேர் பெயர் போட்டு எழுதுவார்கள், நம் பெயரும் அதில் ஓர் ஓரமாக இருக்கும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

நான்கு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை அவள் உறைபெட்டியைச் சுத்தம் செய்தாள். ஒவ்வொரு முறையும் அவள் இரண்டு சின்னக் குழாய் வைப்பது வழக்கம். மூடியில் சிவப்புப் புள்ளி வைத்தால் உப்போடு இருப்பது, நீலப் புள்ளி வைத்தால் உப்பு நீக்கியது. இரண்டும் ஒரே ரோஜா நிறம், ஒரே தேதி. அந்த வெற்றித் தேதியின் நீலப் புள்ளிக் குழாய் ஒட்டு நாடாகூடப் பிரியாமல் நிறைந்தபடி உள்ளே கிடந்தது. சிவப்புப் புள்ளிக் குழாயைக் காணவில்லை. அன்றைக்கு மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள், அவசரத்தில் கைக்கு வந்த குழாயை நீட்டிவிட்டு ஓடினாள். ஓட்டை எண்ணி தேதியை மட்டும் பார்ப்பாரே தவிரப் புள்ளியைப் பார்க்கமாட்டார். உப்பு கூடினாலே வைரஸ் செல்லில் ஒட்டாது. அப்படியென்றால் அந்த மூன்று ஓட்டைக் கணக்கில் புரதம் செய்தது எவ்வளவு, உப்பு செய்தது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

தப்பு தன்னுடையது. ஒளிக்க அவள் நினைக்கவில்லை. குழாயைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். அவர் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். கட்டுரை வெளியாகிவிட்டது, இந்தா பார் என்று மேசைமேல் தள்ளினார். பார்த்தாள். முதலில் அவர் பெயர் இருந்தது. இரண்டாவதாக இருந்த பெயர் அவருடைய மருமகனுடையது. காபியில் விட்ட பாலைத் தவிர வேறு பாலை அந்த ஆள் பார்த்ததுகூடக் கிடையாது. அத்தோடு சரி. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தார். பண்ணைக்கு நன்றி, பண்ணையின் பசுக்களுக்கும் நன்றி என்று வேடிக்கையாக ஒரு வரி. மாட்டுக்குக்கூட இருந்த நன்றி அவளுக்கு இல்லை.

"என் பேரு விட்டுப்போச்சா சார்?" என்று கேட்டாள்.

"நீ உதவியாளர்தானேம்மா. பால் காய்ச்சுறவங்க பேரையெல்லாம் போட ஆரம்பிச்சா அப்புறம் லாரி ஓட்டுற உன் வீட்டுக்காரர் பேரையும் போடணும்" என்று சொல்லிச் சிரித்தார்.

அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. பையிலிருந்த குழாயை இறுக்கிப் பிடித்தபடி, சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. மேலே ஏறு ராசா, நன்றாக ஏறு, எவ்வளவு உயரம் ஏறுகிறாயோ அவ்வளவு உயரத்திலிருந்து விழுவாய் என்று மனதுக்குள் கறுவினாள்.

அடுத்த மாதமே ஓட்டை எண்ணிக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை. மூன்று வாரம் செல் அறையை அவள் பார்த்துக்கொண்டாள். யாருக்கும் தெரியாமல் அவளே பரீட்சை செய்தாள். வெறும் உப்புத் தண்ணீர் ஊற்றிய தட்டில் ஐந்து ஓட்டை. ஆக, மூன்று வருடத்துப் பெரிய கண்டுபிடிப்பின் பெரும்பங்கு உப்பு. பிறகு உப்பை முழுக்க நீக்கிய புரதத்தை ஊற்றி ஓட்டைகளை எண்ணினாள். ஐம்பத்தாறு. மறுபடி செய்தாள், ஐம்பத்தெட்டு. மறுபடியும் ஐம்பத்து நான்கு. புரதம் பொய் சொல்லவில்லை. மூன்றாகக் குறைக்காது, ஆனால் கிட்டத்தட்டப் பாதியைத் தடுக்கிறது. பாலிலிருந்து வந்த ஒன்று, யாருக்கும் கெடுதல் செய்யாத ஒன்று, பாதி வைரஸைத் தடுக்கிறது என்றால் அது சின்ன விஷயமா? எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதினாள். நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

கணவனிடம் மட்டும் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். நாளைக்கே போய்க் காட்டு என்றான். காட்டினால் இதிலும் அவர் பெயரைத்தான் போட்டுக்கொள்வார் என்றாள் அவள். அவர் விழட்டும், விழுந்தபிறகு இந்த நோட்டை எடுத்து நீட்டுகிறேன், அப்போது என் பெயர் மட்டும்தான் இருக்கும் என்றாள். நம் குழந்தை மாதிரிக் குழந்தைகளுக்கு உதவும் என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, அதுகள் அதுவரைக்கும் காத்திருக்குமா என்று அவன் கேட்டான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இயக்குநர் ஏறினார், சும்மா சொல்லக்கூடாது, கிடுகிடுவென்று ஏறினார். பத்திரிகையில் படம் வந்தது. மூக்கில் அடிக்கும் மருந்தாக இதைச் செய்யப் பெரிய தொழிற்சாலை கட்டலாம் என்று மேலிடத்தில் பேச்சு எழுந்தது. ஏழு மாதம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். கடைசியில் மேலிடம், கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை எங்கள் கண்முன் செய்து காட்டுங்கள் என்று ஒரு பரிசோதகரை அனுப்பியது. ஐம்பது வயதுப் பெண்மணி. குட்டை முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, சிரிக்கவே தெரியாத முகம். அவர் போட்ட விதி ஒன்றே ஒன்றுதான். பாலிலிருந்து புரதம் எடுக்கும் வேலையில், கட்டுரையில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள்தான் கைவைக்க வேண்டும். மற்றவர்கள் உதவவும் கூடாது, யோசனை சொல்லவும் கூடாது.

மருமகனுக்கு அன்றைக்கென்று பார்த்து வெளியூரில் வேலை வந்துவிட்டது. இயக்குநர் தனியாக நின்றார். வாழ்க்கையில் அவர் அந்தக் கண்ணாடிக் குழாயைத் தொட்டது கிடையாது. ஆனால் குளிர் அறைச் சுவரில் அவள் கையெழுத்தில் ஒட்டியிருந்த செய்முறைத் தாள் இருந்தது. அதைக் கிழித்து எடுத்து வைத்துக்கொண்டார்.

இங்கேதான் அவளுக்குத் திக்கென்றது. பையில் கட்டுவது, மூன்று முறை தண்ணீர் மாற்றுவது எல்லாம் அந்தத் தாளில் தெளிவாக இருந்தது. அதைப் பார்த்து ஒழுங்காகச் செய்தாரென்றால் என்ன வரும்? ஐம்பத்தாறு வரும். உப்பில்லாத, உண்மையான ஐம்பத்தாறு. மூன்று என்று எழுதியது பிசகு, பாதி தடுக்கிறது, அதுவே பெரிது என்று பரிசோதகர் சொல்லிவிட்டால் போயிற்று. அவள் நோட்டில் பூட்டி வைத்திருந்த உண்மையும் அவர் பெயருக்கே போய்விடும். மனிதர் விழுவதற்குப் பதிலாக அங்கேயும் காலூன்றி நின்றுவிடுவார்.

காலை ஏழரை. பரிசோதகர் செல் அறையில் தட்டுகளுக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார். பால் அறையில் இயக்குநரும் அவளும் மட்டும். அவர் பாலை எஃகுப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் ஏற்றினார். தாளில், பாலைச் சூடாக்கி ஆடையை நீக்கவும் என்று மட்டுமே அவள் எழுதியிருந்தாள். எவ்வளவு சூடு என்று எழுதவில்லை. அவளுக்கு அது கைப்பழக்கம். பாத்திரத்தின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தால் பொறுக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு பிசிறும் கூடாது. கொதித்தால் இந்தப் புரதம் செத்துப்போகும். அந்த அறையில் பால் தொட்டவர் யாருக்கும் அது தெரியும். தொட்டது அவள் மட்டும்தான்.

பாலிலிருந்து ஆவி கிளம்பியது. ஓரங்களில் சின்னச் சின்ன நுரை கட்டியது. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். இயக்குநர் தாளைப் பார்த்தார், பாலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"கிருமி ஏதும் இருக்கக் கூடாதில்ல? நல்லாவே காய்ச்சிடலாமா பாலம்மா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

ஒரு வார்த்தை போதும். வேண்டாம் சார், இறக்குங்க என்றால் தீர்ந்தது. மூன்று வருடமாக அவள் உள்ளங்கை அந்தப் பாத்திரத்தில் பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரே ஒரு வார்த்தை. கை தானாகவே முன்னால் வரப் பார்த்தது. பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

"நான் பேசக் கூடாதுன்னு விதி சார்."

பால் பொங்கிப் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி அடுப்பில் வழிந்தது. கருகின வாடை வந்தது. அவர் பதறி இறக்கினார். மேலே கெட்டியாக ஆடை படிந்தது. அடுப்பைத் துடைத்துவிட்டு, வழிந்ததை யாரிடமும் சொல்லாதே என்றார். அவள் ஏன் சொல்கிறாள்? அவள் வயிற்றில் யாரோ பால் வார்த்த மாதிரி இருந்தது. பொய் சொல்வானேன், அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

பத்து மணிக்குப் பரிசோதகர் வந்து உட்கார்ந்தார். குழாய், உப்புத் தண்ணீர், பை, வாளி எல்லாம் அவர் கண்முன் நடந்தது. இறங்கியது வழக்கத்தைவிட வெளிறியிருந்தது. வித்தியாசம் தெரிந்த கண் அவளுடையது மட்டும்தான். ஐந்தாம் நாள் ஓட்டை எண்ணி நான்கு தட்டுகளை வரிசையாக மேசைமேல் வைத்தார். ஒன்றும் போடாததில் நூற்றிரண்டு. உப்பு நீக்கிய புரதம் போட்டதில் தொண்ணூற்றெட்டு. பையில் கட்டுவதற்கு முன்பே பரிசோதகர் எடுத்து வைத்த, உப்போடு இருந்த புரதத்தில் நான்கு. கடைசித் தட்டு பரிசோதகர் தானாகவே கேட்டு வைக்கச் சொன்னது. அதில் வெறும் உப்புத் தண்ணீர். ஆறு.

இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை.

"உப்பை வெச்சுத்தான் இத்தனை பெரிய கட்டுரையா?" என்றார் பரிசோதகர். குரலை உயர்த்தவே இல்லை. அதனால்தான் அது சுருக்கென்று தைத்தது.

இயக்குநர் என்னென்னவோ சொன்னார். பால் சரியில்லை என்றார், மணிகள் பழசு என்றார். எதுவும் எடுபடவில்லை என்று தெரிந்ததும் சட்டென்று அவள் பக்கம் கையை நீட்டினார். உள்ளதைச் சொல்லவேண்டுமென்றால் ஆரம்பத்திலிருந்து இதை எல்லாம் செய்தது இவள்தான், நான் மேற்பார்வை மட்டும்தான், எந்தக் குழாயில் என்ன இருந்தது என்று இவளுக்குத்தான் தெரியும் என்றார். மூன்று வருடமாக வராத உண்மை, கழுத்துக்குக் கத்தி வந்ததும் எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள்.

இதற்காகத்தான் அவள் ஏழு மாதம் காத்திருந்தாள். நிதானமாகச் சொன்னாள்.

"என் பேரு அந்தக் கட்டுரையில எங்கேயும் இல்லீங்களே மேடம்."

பரிசோதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டுரையை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். பசுக்களுக்கு நன்றி சொன்ன வரிவரைக்கும் பார்த்தார். உண்மைதான், இல்லை என்றார். இயக்குநர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கொதிக்கவிட்டபோது இவள் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று சொல்லத்தான் நினைத்தார், அது அவர் கண்ணிலேயே தெரிந்தது. சொன்னால், சொந்தக் கண்டுபிடிப்பின் பாலை எவ்வளவு சூடாக்குவதென்றுகூடத் தெரியாத ஆள் என்பதை அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். வாயை மூடிக்கொண்டார். இன்றோடு உங்களுக்கு இங்கே வேலை இல்லை என்றார் பரிசோதகர். அழைப்பு மணியும் பெயர்ப்பலகையும் இருந்த தன் அறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். யாரும் வழியனுப்பவில்லை. அவள் ஜன்னலில் நின்று அவர் கார் கதவைத் திறக்கத் தடுமாறுவதைக் கண் குளிரப் பார்த்தாள்.

திரும்பி வந்தபோது பரிசோதகர் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். அவளுடைய பை நாற்காலியில் தொங்கியது, பைக்குள் நோட்டு இருந்தது. இதோ இந்த நிமிடத்துக்கென்றுதான் காலையில் மறக்காமல் எடுத்து வந்திருந்தாள். பையைத் திறந்து கையை உள்ளே விட்டாள்.

பரிசோதகர் தலைநிமிராமலே பேசினார். "முடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுடறேன். உப்பை நீக்கிட்டு இதுக்கு முன்னாடி இங்க யாராவது செஞ்சு பார்த்திருக்கீங்களா? பார்த்திருந்தா இப்பவே சொல்லிடுங்க. தெரிஞ்சே இத்தனை மாசம் வாயை மூடிட்டு இருந்தவங்க யாராவது இருந்தா, அவங்களும் அவரோடவே போகவேண்டியதுதான்."

அவள் விரல் நோட்டின் அட்டைமேல் இருந்தது. முதல் பக்கத்திலேயே அவள் கைப்பட எழுதிய தேதி இருக்கிறது. மூன்று முறை செய்தாள், மூன்றுக்கும் தேதி போட்டிருக்கிறாள். எண்களை நீட்டினால் தேதிகளையும் சேர்த்துத்தான் நீட்ட வேண்டும். தேதி இல்லாத எண்ணை இந்தத் தொழிலில் யாரும் சீண்டக்கூட மாட்டார்கள். புதிதாகச் செய்து காட்டலாமே என்றால், ஏன் அவர் செய்ததில் தொண்ணூற்றெட்டு வந்தது, உன்னுடையதில் மட்டும் ஏன் பாதி என்று கேட்பார்கள். பால் கொதித்ததால் என்று சொல்ல வேண்டும். கொதித்தது உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த அடுப்புக்கு முன்னால்தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அவருக்கென்று வெட்டிய குழி இவ்வளவு அகலமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

மூக்கில் குழாயோடு கிடந்த மகளின் முகம் வந்தது. வேலை போனால் என்ன, சொல்லித் தொலை என்று ஒரு மனது அடித்துக்கொண்டது. சொன்னால் அவரோடு அதே படியில் இறங்க வேண்டும், தான் அவரைப் பார்த்த மாதிரியே ஓட்டை எண்ணி தன்னையும் ஜன்னலிலிருந்து பார்ப்பார். அதை அவளால் தாங்க முடியாது.

"இல்லீங்க மேடம். யாரும் செஞ்சு பார்க்கல" என்றாள்.

கையை வெளியே எடுத்துப் பையை மூடினாள். பரிசோதகர் தலையாட்டிவிட்டு மிச்சத்தையும் எழுதி முடித்தார். இந்த வேலை இத்துடன் மூடப்படுகிறது, குழாய்களையும் மணிகளையும் கிடங்குக்கு அனுப்ப வேண்டும், பண்ணையிலிருந்து இனிப் பால் வரவேண்டாம் என்று வாசித்துக் காட்டினார். பிறகு காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். சாட்சியாக ஆய்வக ஊழியர் ஒருவர் கையெழுத்து வேண்டுமாம். நேர்மையாக நடந்துகொண்ட ஒரே ஆள் நீதான் என்று வேறு சொன்னார்.

அவள் பேனாவை வாங்கினாள். பழக்கதோஷத்தில் பாலம்மா என்று எழுதப் போனவள் நிறுத்திக்கொண்டாள்.

"முழுப் பேரா எழுதுங்க, படிக்கிற மாதிரி. இது எல்லா ஆய்வகத்துக்கும் போகும்" என்றார் பரிசோதகர்.

எழுதினாள். மூன்று வருடம் பாடுபட்டுக் கிடைக்காத பெயர் அந்தக் காகிதத்தில் எழுத்து எழுத்தாக ஏறியது. இந்தப் பால் புரதத்துக்கு வைரஸைத் தடுக்கும் சக்தி எதுவும் இல்லை என்ற வரிக்கு நேர் கீழே இருந்தது அது.